ஸ்கைரிமில் பதுங்காமல் வில்லாளியாக ஆட முடியாதா?

கோத்தகிரி_பனி:

வணக்கம். ஸ்கைரிம் 2011இல் வந்த ஆட்டம், நான் இப்போதுதான் ஆடுகிறேன், சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கம் ஐப்பசி மழையில் கரண்ட் இருந்தால் நெட் இருக்காது, நெட் இருந்தால் கரண்ட் இருக்காது. ஆன்லைன் ஆட்டம் எதுவும் சரிப்படவில்லை. இது ஒருமுறை இறக்கி வைத்தால் போதும் என்பதால் பிடித்துக்கொண்டேன்.

வில் மட்டும்தான் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். வாளும் மந்திரமும் தொடுவதில்லை. இப்போது லெவல் 14, ஆர்ச்சரி (வில் திறன்) 48. லெவல் ஏறும்போது கிடைக்கும் பெர்க்கில், அதாவது கூடுதல் திறமைகளில், எடுத்தது ஓவர்டிரா மூன்று படி, ஈகிள் ஐ, ஸ்டெடி ஹேண்ட் ஒன்று. மீதிப் பெர்க் எல்லாம் ஸ்னீக்கில், பதுங்கும் திறனில், போட்டாயிற்று, பிரச்சினையே அதுதான். குகைக்குள் கால் வைத்ததும் குனிகிறேன், எதிரி பார்க்கிறானா என்று காட்டும் கண் சின்னம் மூடும் வரை காத்திருக்கிறேன், ஒரு அம்பு, ஒருவன் விழுகிறான், பக்கத்தில் இருப்பவன் கொஞ்ச நேரம் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிப் போகிறான், அவனுக்கும் ஒரு அம்பு. முப்பது மணி நேரமாக இதேதான். குனிந்து குனிந்து என் ஆளுக்கு இடுப்பு பிடித்திருக்கும்.

சரி, நிமிர்ந்து நின்று ஆடலாம் என்றால் இரண்டாவது அம்பை இழுப்பதற்குள் கோடாரிக்காரன் முகத்துக்கு நேரே நிற்கிறான். நேற்று வால்தீம் டவர்ஸ் கல்பாலத்தில் கொள்ளைக்கூட்டத் தலைவன் மேல் மூன்று அம்பு குத்தி நிற்கிறது, முள்ளம்பன்றி மாதிரி வந்து ஒரே வெட்டு, கதை முடிந்தது. மாஸ்டர் என்னும் கடின அளவில் ஆடுகிறேன், அத்தை பையன் உசுப்பேற்றிவிட்டான். அம்பும் எப்போதும் பற்றாக்குறை. பதுங்காமல் வில்லை வைத்தே பிழைக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

லவ்டேல்_ஸ்டேஷன்:

இல்லை ப்ரோ. அந்த ஆட்டத்தில் எல்லோரும் கடைசியில் பதுங்கும் வில்லாளியாகத்தான் போய் நிற்பார்கள், மந்திரவாதியாக ஆரம்பித்த நானும் அப்படித்தான் ஆனேன். பதுங்கி எய்தால் சும்மாவே இரண்டு மடங்கு அடி, ஸ்னீக் 40இல் டெட்லி எய்ம் எடுத்தால் மூன்று மடங்கு. இலவசமாகக் கொடுப்பதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

பூம்பாறை_பூண்டு:

லவ்டேல் சொல்வது சரிதான், ஆனால் பனி கேட்டது அது இல்லையே.

முதலில் அத்தை பையனைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். மாஸ்டரில் நீங்கள் கொடுக்கும் அடி பாதி, வாங்கும் அடி இரட்டிப்பு. பதுங்கும்போது அந்த மூன்று மடங்கு இதை மூடி மறைத்துவிடுகிறது, நிமிர்ந்ததும் பல்லிளிக்கிறது. அடெப்டுக்கு இறக்குங்கள், அங்கே இரண்டு பக்கமும் சமம். மானம் போகிறது என்றால் எக்ஸ்பர்ட், உங்கள் அடி முக்கால், அவர்கள் அடி ஒன்றரை.

அப்புறம் வில்லாளிக்கு ஒரே கணக்குதான். எதிரி உங்களைப் பார்த்த நொடியிலிருந்து கையெட்டும் தூரத்துக்கு வருவதற்குள் எத்தனை அம்பை முழுசாக இழுத்து விட முடிகிறது? உங்களுக்கு இப்போது ஒன்றரை. அதை நான்காக்க என்ன வழி என்று மட்டும் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

என்ன வில் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. நாமெல்லாம் சேத எண்ணைப் பார்த்து வில் மாற்றிக்கொண்டே போகிறோம், இழுக்கும் வேகத்தை அந்தத் திரை காட்டுவதே இல்லை. லாங் போ 1 என்றால் ட்வார்வன் வில் 0.75, எபனி 0.5625, டேட்ரிக் 0.5. எண் ஏற ஏற வில் சோம்பேறியாகிறது. பதுங்கி ஒரே அம்பில் முடிப்பவனுக்கு இது பொருட்டே இல்லை, நிமிர்ந்து நிற்பவனுக்கு இதுதான் உயிர். பதற்றத்தில் பாதி இழுத்து விட்டால் அம்புக்குப் பலமும் இல்லை, தூரமும் இல்லை, தொப்பென்று விழும். அந்த மூன்று அம்புக் கதையைப் படித்தால் அதில் இரண்டாவது பாதி இழுப்பாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. டான்கார்டு என்ற கூடுதல் பகுதி இருந்தால் ஆர்க்ங்தாம்ஸ் இடிபாட்டுக்குள் ஜெஃபிர் என்று ஒரு வில் கிடைக்கும், 30 சதவீதம் வேகம் அதிகம். ஆனால் அந்த இடம் லெவல் 14க்குக் கொஞ்சம் முரடு, அவசரப்பட வேண்டாம்.

இடம் அதைவிட முக்கியம். எங்கள் ஊரில் எல்லாம் படிப்படியான தோட்டம். பூண்டுக்குள் காட்டுமாடு இறங்கினால் அதே தட்டில் நின்று யாரும் கத்த மாட்டோம், இரண்டு தட்டு மேலே போய் நின்றுதான் தகரம் தட்டுவோம். அது நம் பக்கம் திரும்பினாலும் சுற்றிக்கொண்டு வரவேண்டும், அந்த நேரம் நமக்கு. நீங்கள் பாலத்துக்கு நடுவில் போய் நின்றீர்களா? அதுதான் தப்பு. இந்த முனையிலேயே நில்லுங்கள், அவன் பாலம் முழுக்க நடந்து வரட்டும், ஒதுங்கவும் அவனுக்கு இடமில்லை. அதற்காக யாரும் ஏறவே முடியாத பாறையில் போய் உட்காராதீர்கள். எட்ட முடியாது என்று தெரிந்ததும் வாள்காரர்கள் ஓடி ஒளிந்துகொள்வார்கள், அப்புறம் நீங்கள் அவர்களைத் தேடிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

ஆர்ச்சரி 50இல் பவர் ஷாட் வரும், பாதி அம்புகள் ஆளைத் தள்ளாட வைக்கும், மிகப் பெரிய உருவங்களைத் தவிர. உங்களுக்கு இரண்டே புள்ளிதான் பாக்கி. ரிவர்வுட்டில் இருக்கும் ஃபேன்டால் 50 வரை சொல்லித் தருவான். அவனைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு பயிற்சிக் காசு கொடுத்துவிட்டு, அவன் பையைத் திறந்து அதே காசைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அநியாயம்தான், ஆனால் எல்லோரும் செய்கிறோம். 60இல் ரேஞ்சர், வில்லை இழுத்தபடியே வேகமாக நகரலாம். அதற்குப் போகும் வழியில் ஹண்டர்ஸ் டிசிப்ளின் இருக்கிறது, விழுந்தவர்களிடமிருந்து திரும்ப எடுக்கும் அம்பு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கிடைக்கும்.

இவ்வளவுக்கும் மீறி ஒருவன் கிட்டே வந்துவிட்டால் வில்லாலேயே ஒரு இடி இடிக்கலாம், தெரியுமா? அவன் தடுமாறும் நேரத்தில் பின்வாங்கி ஒரு அம்பு.

சிம்ஸ்பார்க்_அக்கா:

பூண்டுக்காரர் எல்லாம் சொல்லிவிட்டு விஷத்தை விட்டுவிட்டார். டெத்பெல் பூவும் ரிவர் பெட்டி மீனும் சேர்த்துக் காய்ச்சினால் அடியும் உண்டு, எதிரியின் நடையும் மந்தமாகும். ஒரு குப்பி ஒரு அம்புக்குத்தான், அதனால் ஓடி வரும் தடியனுக்கு மட்டும் பூசுங்கள். இம்ப் ஸ்டூல் காளானும் கேனிஸ் வேரும் சேர்த்தால் ஆள் அப்படியே மரக்கட்டையாக விழுவான். நான் ரசவாதத்துக்காகவே ஆட ஆரம்பித்து, பாதி ஆட்டம் சதுப்புநிலத்தில் பூப்பறித்தே போயிற்று, வீட்டில் தோட்டவேலை போதாதா என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

அம்புப் பஞ்சத்துக்கு: டான்கார்டு இருந்தால் உலைக்களத்தில் ஒரு விறகும் ஒரு இரும்புக் கட்டியும் வைத்து 24 அம்பு செய்யலாம். 2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் என்றால் அது உள்ளேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டாம். ரிவர்வுட்டில் கோடாரி எடுத்து விறகு பிளந்து, பக்கத்திலேயே இருக்கும் கொல்லன் பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே நமக்கு விறகுச் சுமை புதிதா என்ன! அம்புக்கு ஆட்டத்தில் எடையும் கிடையாது, 500 வைத்துக்கொண்டாலும் முதுகு வலிக்காது.

லவ்டேல்_ஸ்டேஷன்:

அம்பே வேண்டாம் என்றால் பவுண்ட் போ. ஃபோர்ட் அமோலில் அந்த மந்திரப் புத்தகம் சும்மா கிடைக்கும், ஒருமுறை வரவழைத்தால் 100 அம்பும் கூடவே வரும்.

கோத்தகிரி_பனி:

மந்திரம் வேண்டாம் என்றுதானே சொன்னேன் ப்ரோ. ஆனால் ஆசையாகத்தான் இருக்கிறது.

அக்கா, பூண்டு அண்ணா, ரொம்ப நன்றி. அண்ணா, நாங்கள் அதைக் காட்டெருமை என்போம், போன வாரம்கூட எங்கள் தெருமுனைத் தேயிலைக்குள் நின்றது, பால்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வில் என்ன என்று கேட்டீர்கள். கிடைத்த உடனே எபனி வில்லைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுதான் கோளாறு போல.

இன்னொரு கேள்வி: வரிசையாக வருகிறவர்களை ஒரே அம்பில் துளைக்கப் பெர்க் உண்டா?

ஊட்டி_உருளை:

இல்லை. கொல்லிமலை வல்வில் ஓரி யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஒரே அம்பில் வரிசையாகத் துளைத்தான் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. இங்கே முதல் ஆளோடு நின்றுவிடும்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. மலைக்காரன் உனக்கு வில் தெரியாதா என்று கீழே காலேஜில் என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே தோடர்களிடம் வில் வேட்டைக்கானதே இல்லை. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது ஏழாம் மாதத்தில் கணவன் சின்னதாக ஒரு வில்லும் புல்லில் செய்த அம்பும் கொடுப்பார், பிறக்கப்போகும் குழந்தைக்குத் தகப்பன் இவர் என்று எல்லோர் முன்னாலும் ஏற்பதுதான் அது. காலேஜில் இதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. சரி, ஆட்டத்துக்குத் திரும்புங்கள்.

கோத்தகிரி_பனி:

இரண்டு நாள் கழித்து வருகிறேன், மரம் விழுந்து லைன் போய்விட்டது.

எக்ஸ்பர்டுக்கு இறக்கினேன், அடெப்டுக்கு மனம் வரவில்லை. எபனியை விற்காமல் பெட்டியில் போட்டுவிட்டு, வெறும் லாங் போவைச் சாணைக்கல்லில் தீட்டி எடுத்துக்கொண்டேன். ஃபேன்டாலிடம் காசு கொடுத்து, காசை எடுத்து, 50 ஆக்கிப் பவர் ஷாட் வாங்கினேன். பழைய சேவ் ஒன்று இருந்தது, இதெல்லாம் அதில்தான் செய்தேன், அப்புறம் திரும்ப வால்தீம் போனேன். ஆட்டத்தில் கூட்டாளியாக வரும் லிடியாவைக் கூட்டிக்கொண்டு போனேன், பாலத்தின் இந்த முனையில் நின்றேன், குனியவே இல்லை. தலைவன் அந்தப் பக்கக் கோபுரத்திலிருந்து இறங்கி ஓடி வந்தான். அவசரப்படாமல் ஒவ்வொன்றையும் முழுசாக இழுத்தேன், குளிரில் விரல் மரத்துப்போய் மவுஸே சரியாகப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது அம்பில் தள்ளாடி நின்றுவிட்டான், பாலத்தில் நின்றபடியே வாங்கிக்கொண்டான். விழுந்த நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும்போதே எஃப்5 அழுத்திச் சேவ் செய்துவிட்டேன்.

பூம்பாறை_பூண்டு:

அதெல்லாம் இருக்கட்டும், எத்தனை அம்பு?

கோத்தகிரி_பனி:

நான்கு அண்ணா. ஐந்தாவது லிடியா முதுகில்.