வீட்டு மரத்தில் கொக்குக் கூடுகள்: கிளை கழிக்கச் சட்டம் இடம் தருகிறதா?

கேள்வி – வெண்ணாற்றங்கரை

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில், என் மாமனார் காலத்தில் வைத்த தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. மூன்று ஆண்டுகளாக மழைக்காலம் தொடங்கியதும் உண்ணிக்கொக்குகளும் வக்காக்களும் அதில் கூடு கட்டுகின்றன. இந்த ஆண்டு எண்ணிப் பார்த்ததில் முப்பத்தேழு கூடுகள் வரை தெரிகின்றன. அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் துவைகல் முழுவதும் சுண்ணாம்பு பூசியதுபோல் எச்சம். காலையில் கதவைத் திறந்தால் குஞ்சுகள் கக்கிய கெண்டைக்குஞ்சும் தவளைக்காலும் படிக்கட்டில் கிடந்து நாறுகின்றன. மாமியாருக்கு ஆஸ்துமா இருப்பதால் அவர் கொல்லைப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். மரத்தின் ஒரு கிளை பக்கத்து வீட்டு மாடிக்கு மேல் நீண்டிருப்பதால், அவர்கள் நேற்று பட்டாசு வெடித்து விரட்டிப் பார்த்தார்கள். மரம் வெட்டும் ஆள் ஒருவர், விடிவதற்குள் கிளைகளை இறக்கிவிடலாம், யாருக்கும் தெரியாது என்கிறார். எங்கள் சொந்த இடத்தில், நாங்கள் வைத்த மரத்தின் கிளையைக் கழிப்பதற்கும் வனத்துறைக்கும் என்ன தொடர்பு என்று விவரம் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – வாய்தா

அம்மா, மரம் உங்களுடையது. அதில் இருக்கும் கூடும் முட்டையும் குஞ்சும் உங்களுடையவை அல்ல. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் பொருள் நாம் நினைப்பதைவிட விரிவானது: துப்பாக்கியும் கண்ணியும் மட்டுமல்ல, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும்கூட அதற்குள் அடங்கும். காட்டுப் பறவை என்றால் காட்டில் வாழும் பறவை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியன்று, கொக்கும் வக்காவும் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை, அவை எங்கே கூடு கட்டினாலும் சட்டம் கூடவே வரும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், பட்டியலிலுள்ள இத்தகைய பறவைகளை வேட்டையாடினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். முன்பு இந்த அபராத உச்சவரம்பு 25,000 ரூபாயாக இருந்தது. காகம், பழந்தின்னி வௌவால், எலி ஆகியவற்றைத் தீங்குயிர்கள் என்று தனியே ஒதுக்கி வைத்திருந்த பழைய ஐந்தாம் அட்டவணையும் அந்தத் திருத்தத்தோடு போய்விட்டது.

ஆகவே, விடிவதற்குள் இறக்கிவிடலாம் என்பவர் உங்களையும் சேர்த்து வழக்கில் இழுத்துவிடுவார். 2022 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்காகக் கூடுகளோடு ஒரு மரத்தைச் சாய்த்தார்கள். ஏராளமான குஞ்சுகள் தரையில் விழுந்து இறந்தன, வனத்துறை வழக்குப் பதிவு செய்தது. சாலைப் பணிக்கே அந்த நிலை. பட்டாசு வெடிப்பவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள். பெற்ற பறவைகள் அலறிப் பறக்கும்போது முட்டைகள் உருண்டு விழுந்தால், கூட்டைக் கலைத்த குற்றத்துக்கு அதுவே போதும்.

கிளை முறிந்து ஆள்மேல் விழும் நிலையில் இருந்தால் மட்டும் விஷயம் வேறு. அப்போதும் அரிவாளை எடுக்காமல், மாவட்ட வன அலுவலருக்குப் படத்தோடு எழுத்துமூலம் தெரிவித்து, வட்டாட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுங்கள். ஆபத்தான மரத்தை அகற்ற நிர்வாக நடுவர் ஆணையிடும் வழி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்தது. இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு.

மறுமொழி 2 – நெல்லைக்காரன்

சட்டத்தை மேலே உள்ளவர் நன்றாகச் சொல்லிவிட்டார். ஆனால் சட்டப்புத்தகத்தை நீட்டிவிட்டு நாற்றத்தை அந்த அம்மாவின் தலையிலேயே விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எங்கள் மாவட்டத்துக் கூந்தங்குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டு வேம்பிலேயே கூடு கட்டும். எச்சம் கலந்த மண்ணை வாரி வயலுக்கு உரமாக இடுவார்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. அங்கெல்லாம் ஊரே சேர்ந்து சுமப்பதால் பாரம் தெரிவதில்லை. இங்கே ஒரு வீடு தனியாகச் சுமக்கிறது. கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெள்ளூரில், பறவைகள் கூடு கட்டுவதால் புளி மகசூல் குறைகிறது என்று மரத்தின் சொந்தக்காரர்களுக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. நம்மூரில் கொல்லை மரத்துக்கு யார் கொடுப்பார்கள்?

மறுமொழி 3 – மாடித்தோட்டம்

எங்கள் வீட்டு வாகையில் இரண்டு பருவங்கள் இதே பாடு பட்டிருக்கிறேன். செய்து பார்த்ததைச் சொல்கிறேன். உலர்ந்த எச்சத்தை ஒருபோதும் அப்படியே பெருக்காதீர்கள், அதிலும் ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில். தூசியோடு பூஞ்சை நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் அணிந்து, மண்வெட்டியால் வழித்தெடுங்கள். துவைகல்லுக்கும் படிக்கட்டுக்கும் மேலே, தாழ்வாக, பச்சை நிழல்வலையைச் சாய்வாகக் கட்டுங்கள். கிளையைத் தொடாமல் கம்பு நட்டுக் கட்ட வேண்டும். கிணறு இருந்தால் அதை முதலில் மூடுங்கள். வலையிலிருந்து வாரியதைக் குப்பையோடும் சருகோடும் சேர்த்து மட்க விட்டால் வாழைக்கு வைக்கலாம். பச்சையாக வைத்தால் வேர் கருகிவிடும், ஒரு பூவன் கன்றை அப்படித்தான் இழந்தேன்.

முட்டை பொரிய மூன்று வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். குஞ்சு சொந்தமாகப் பறந்து போக மேலும் ஆறு வாரம் போல. எல்லாக் கூடுகளும் ஒரே நாளில் தொடங்குவதில்லை என்பதால், கடைசிக் குஞ்சு போகும்வரை பொறுத்திருந்து, வெறுங்கூடுகள்தானா என்று ஆளை ஏற்றிப் பார்த்தபின், கோடையில் மாடிமேல் நீண்ட கிளையை மட்டும் கழியுங்கள். நாங்கள் அப்படிச் செய்தபின், மறு ஆண்டு வந்தவை மரத்தின் உட்பக்கத்துக்கு நகர்ந்துகொண்டன. கீழே விழுந்த குஞ்சு உயிரோடு இருந்தால் வீட்டில் வைத்து வளர்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வியாளரின் மறுமொழி – வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. மரம் வெட்டுபவரைச் சித்திரைக்குமேல் வரச் சொல்லிவிட்டேன்; அவருக்குக் கோபம்தான். பக்கத்து வீட்டு அண்ணனிடம் முதல் மறுமொழியைக் கைபேசியிலேயே காட்டினேன். மூன்றாண்டு என்ற இடத்தை இரண்டு முறை படித்தார், பட்டாசுப் பெட்டியை உள்ளே எடுத்துப் போய்விட்டார். நிழல்வலை நாளை வாங்குகிறோம், பாதிச் செலவு அவருடையதாம். ஒரே ஒரு ஐயம் மிச்சம்: வலையில் வந்து விழும் மீனைத் தின்ன இப்போதே இரண்டு பூனைகள் மதில்மேல் உட்கார்ந்திருக்கின்றன, அவை மரமேறாமல் இருக்க அடிமரத்தில் தகரம் சுற்றலாமா?

மறுமொழி – மாடித்தோட்டம்

சுற்றலாம். ஆணி அடிக்காமல் கம்பியால் கட்டுங்கள், நெஞ்சுயரத்துக்கு மேலே, இரண்டு அடி அகலத்துக்கு.