கார்ட்ரிட்ஜில் நீங்களே மை நிரப்பியதுண்டா?

வணக்கம். எங்கள் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் கருப்புக்கு ஒரு கார்ட்ரிட்ஜ், மூன்று நிறத்துக்கும் சேர்த்து இன்னொன்று. மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் கலர் கார்ட்ரிட்ஜ் முழுவதையும் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது, அநியாயம்! மையை மிச்சப்படுத்த, மங்கலாக அச்சிடும் டிராஃப்ட் மோடு வைத்தாயிற்று. அடைப்பை நீக்கும் ஹெட் கிளீனிங் நிறைய மையைக் குடிக்கும் என்பதால் அதையும் குறைத்துவிட்டேன். அதற்காக வாரக்கணக்கில் பிரிண்ட் எடுக்காமல் விட்டால் மை வரும் நுண்துளையான நாசில் காய்ந்து அடைத்துக்கொள்கிறது.

சிரிஞ்சில் மை நிரப்பிப் பழகியவர்கள் சொல்லுங்கள். கருப்புக்குப் பிக்மென்ட் (நிறமித் துகள் மை), கலருக்கு டை (கரையும் சாய மை) என்று பார்த்துத்தான் வாங்க வேண்டுமா, எல்லா பிரிண்டருக்கும் என்று கடையில் தரும் மை போதுமா? நிரப்பிய பிறகும் மை இல்லை என்றே காட்டுமாமே, அதை எப்படிச் சமாளித்தீர்கள்?

மாதம் ஐம்பது பக்கம் எடுத்தாலே அதிகம். அதற்கு, பாட்டிலிலிருந்து மை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் பிரிண்டர் கட்டுப்படியாகுமா?