வெட்டுத்துண்டா, வெட்டெண்ணா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒய் = எம்எக்ஸ் + சி என்ற நேர்க்கோட்டுச் சமன்பாட்டின் எம், சி இரண்டுக்கும் புதிய சொற்கள் வேண்டும் என்று முந்தைய மடலில் கேட்டிருந்தீர்கள். கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்று காட்டும் எம் என்பதற்குச் ‘சாய்வு’ நிலைபெற்ற சொல். அதை மாற்ற வேண்டியதில்லை. அதற்கு இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘படித்திறன்’ எனக்குப் பிடித்த சொல்தான் என்றாலும், அடுக்கைக் குறிக்க ‘ஒருபடி’, ‘இருபடி’ என்று நாம் ஆள்வதால் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்போது மாணவர் தடுமாறுவார். சாய்வைக் கோணம் என்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு; ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கோணம் 30 பாகையிலிருந்து 60 பாகைக்கு இருமடங்காகும்போது, சாய்வு ஏறத்தாழ 0.577 இலிருந்து 1.732 ஆக மும்மடங்காகிறது. கோணத்தைக் குறிக்கத்தான் ‘சாய்வுக் கோணம்’ தனியே இருக்கிறதே.

சிக்கல், கோடு ஒய் அச்சை எங்கே வெட்டுகிறது என்று காட்டும் சி என்பதற்கு வழங்கும் ‘வெட்டுத்துண்டு’ என்பதில்தான். துண்டு என்றதும் நீளம் மனத்தில் வருகிறது. நீளம் குறையெண்ணாக இருக்க முடியாது. ஒய் = 2எக்ஸ் − 3 என்ற கோட்டின் ஒய் வெட்டுத்துண்டு என்ன என்று கேட்டால், அச்சில் வெட்டுப்பட்ட நீளத்தை அளந்து, −3 என்பதற்குப் பதிலாக 3 என்று சொல்லும் மாணவர், சொல் காட்டிய வழியில்தான் போயிருக்கிறார். எக்ஸ் அச்சில் கிடைக்கும் 1.5 உடன் அந்த 3 ஐயும் வெட்டுத்துண்டு வடிவத்தில் (இரு அச்சுகளின் வெட்டுத்துண்டுகள் ஏ, பி எனில், எக்ஸ்/ஏ + ஒய்/பி = 1) இட்டால், கிடைக்கும் சமன்பாடு ஒய் = 3 − 2எக்ஸ் ஆகிவிடும். அதாவது, ஒரு குறியை விட்டதனால் ஏறுகிற கோடு இறங்குகிற கோடாகிவிடுகிறது.

‘வெட்டுமதிப்பு’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னபோது ‘மட்டுமதிப்பு’ (குறியை விட்டு அளவை மட்டும் சொல்வது) காதில் விழுந்தது. குறியைக் காக்க வந்த சொல், குறியை நீக்கும் சொல்லோடு எதுகை பாடுவது நல்லதல்ல. ஆகவே ‘வெட்டெண்’ என்று முன்மொழிகிறேன். வேதியியலின் ‘அணுவெண்’ போலச் சுருக்கமானது. எண் என்பதால் மிகையாகவும் குறையாகவும் சுழியாகவும் இருக்கலாம். ‘சாய்வு–வெட்டெண் வடிவம்’ என்று தொடரிலும் இடறாமல் நிற்கிறது. கோடு அச்சைத் தொடும் இடம் ‘வெட்டுப்புள்ளி’, அந்த அச்சில் அதன் இடத்தைக் குறியோடு சொல்லும் எண்ணான ஆயத்தொலை ‘வெட்டெண்’ என்று பிரித்துக்கொள்ளலாம். பழைய சொல்லையும் தூக்கி எறிய வேண்டாம். மேற்கண்ட கோடு அச்சுகளோடு அமைக்கும் முக்கோணத்தின் பரப்பு 2.25 என்று கணக்கிடும்போது நமக்கு வேண்டியவை நீளங்களே, அங்கே ‘வெட்டுத்துண்டு’ மிகப் பொருத்தம்.

அச்சுகள் சந்திக்கும் ஆதிப்புள்ளி வழியே செல்லும் கோட்டுக்கு வெட்டுத்துண்டு உண்டா என்று ஒரு நண்பர் எழுப்பிய ஐயத்துக்கும் இதில் விடை இருக்கிறது. ஒய் = 2எக்ஸ் என்ற கோடு அச்சில் எந்தத் துண்டையும் வெட்டுவதில்லை என்பதால் ‘வெட்டுத்துண்டு இல்லை’ என்று எழுதத் தோன்றும்; ஆனால் அதன் வெட்டெண் 0. எக்ஸ் = 4 என்ற செங்குத்துக் கோடோ ஒய் அச்சைத் தொடுவதே இல்லை; அதற்குத்தான் ஒய் வெட்டெண் இல்லை என்று எழுத வேண்டும்.