புது டெய்லர் பயிற்சியில் மார்க் போர்டு: வைக்கலாமா, எடுத்துடலாமா?

நூல்கண்டு:
வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில ஓவர்லாக் மெஷின் (துணி ஓரத்தை அடிச்சுத் தைக்கறது) பயிற்சி கொடுக்கறேன். மணிக்கு யார் எத்தனை பீஸ் தைச்சாங்கன்னு போர்டுல எழுதி, முதல் மூணு பேருக்கு நட்சத்திரம் ஒட்டறோம். முதல்ல கலகலப்பா இருந்துச்சு. இப்ப எந்நேரமும் அதே மூணு பேருதான் மேல, மத்தவங்க போர்டு பக்கமே திரும்பறதில்லை. தையல் விட்டுப்போன பீஸும் கூடிருச்சு. என்ன பண்ணலாம்?

ஊசிமுனை:
பேர் போட்ட போர்டை இன்னைக்கே கழட்டிருங்க. எண்ணிக்கைக்கு மார்க் போட்டா எண்ணிக்கைதான் வரும், தையல் வராது.

செக்கிங்ல தள்ளின பீஸ்களைச் சேர்த்து வைங்க. நல்ல பீஸோட கலந்து பண்டில் கட்டி, மூணு பேர் குழுவுக்கு ஒண்ணு கொடுங்க. குறையைக் கண்டுபிடிச்சா ஒரு மார்க். அது ஏன் வந்துச்சுன்னு மெஷின்ல காட்டினா மூணு மார்க். தையல் விட்டிருக்குன்னா ஊசி வளைஞ்சிருக்கா, மழுங்கியிருக்கா, கடைசி வரைக்கும் ஏத்தி மாட்டலையா, லூப்பர் (ஊசி நூலோட பின்னற கொக்கி) நூல் தப்பா கோத்திருக்கான்னு அவங்களே தேடட்டும் (மெஷினை ஆஃப் பண்ணிட்டுத்தான்). முக்கியமான விதி: குழுவுல கடைசியா சேர்ந்தவங்கதான் எழுந்து காட்டணும். அப்பத்தான் கெட்டிக்காரங்க பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. விளையாட்டோட பலனே அங்கதான் இருக்கு.

உடைஞ்ச ஊசியை மட்டும் விளையாட்டாக்காதீங்க. எல்லாத் துண்டையும் தேடி ஒப்படைச்சாத்தான் புது ஊசி. அதுக்குப் போய் நேரம் குறிச்சா, கிடைக்காத துண்டையும் கிடைச்சதா சொல்லத் தோணும். குழந்தைங்க போடற துணிங்க அது.

லைன்அக்கா:
நான் லைன்ல தைக்கறவ. போர்டுல கடைசிப் பேரா இருந்தா மதியம் சாப்பாட்டுக்கு எல்லாரோடயும் உட்காரவே கூச்சமா இருக்கும் தம்பி. அதுலயே வேலையை விட்டுப் போன பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன்.

ஊசிமுனை:
அக்கா சொல்றது அப்படியே நெசம். அமெரிக்காவுல டிஸ்னிலேண்ட் ஹோட்டல் சலவைக்கூடத்துல தொழிலாளிங்க வேகத்தைத் திரையில போட்டாங்க. 2011ல அது செய்தியாச்சு. அதுக்கு அவங்க வச்ச பேரு ‘மின்னணுச் சவுக்கு’.

நூல்கண்டு:
பண்டில் யோசனை பிடிச்சிருக்குங்க. ஆனா மேனேஜர் எண்ணிக்கை கேட்பாரே?

ஊசிமுனை:
கொடுங்க. ஆளுக்கொரு நோட்டு போட்டு, செக்கிங்ல தேறின பீஸை மட்டும் அவங்கவங்களே எழுதட்டும். நேத்தைய கணக்கோட இன்னைக்குக் கணக்கு, அவ்வளவுதான் போட்டி. மேனேஜருக்கு மொத்த பேட்ச் கணக்கைக் காட்டுங்க, தனி ஆள் பேரு வேண்டாம். ஆல்டர் (திருத்தித் தைக்கத் திரும்பி வர்ற பீஸ்) குறையறதையும் அதே தாள்ல எழுதிக் கொடுங்க, அதுக்கப்புறம் போர்டைப் பத்தி அவர் கேட்க மாட்டாரு.