புதுப்பிப்பு: வெள்ளவத்தைக் கால்வாய் ஆமை எதுவென்று தெரிந்துவிட்டது

மழைக்குப் பிறகு கால்வாய் ஓரத்தில் எடுத்த படத்தைப் போட்டு "இது என்ன ஆமை?" என்று கேட்டிருந்தேன். சிலர் கடையில் விற்கும் சிவப்புக் காது ஆமை என்றார்கள், சிலர் கறுப்பு ஆமை என்றார்கள். இரண்டும் இல்லை, இது பாலாமை.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓட்டில் செதில்களே கிடையாது, மேலே வழுவழுப்பான தோல்தான். கறுப்பு ஆமையென்றால் முதுகில் நீளவாக்கில் மூன்று மேடுகள் தெரிய வேண்டும். மூக்கு சின்னக் குழாய் மாதிரி நீண்டிருக்கிறது, முன்காலில் மூன்றே நகங்கள். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது அடிப்பக்கம்: பின்கால்களை உள்ளே இழுத்ததும் இரண்டு தோல் மடல்கள் கதவு போல மூடிக்கொள்கின்றன. என்ன அழகான ஏற்பாடு!

முன்பு இதை இந்தியப் பாலாமையோடு சேர்த்தே எண்ணினார்கள். 2011இல் மரபணு ஆய்வுக்குப் பிறகு இலங்கைக்கே உரிய தனி இனமாகப் பிரித்தார்கள். வறட்சியில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், அதனால்தான் அடிக்கடி கண்ணில் படுவதில்லை.

அப்புறம், வளர்க்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், தயவுசெய்து. சட்டம் பாதுகாக்கும் விலங்கு இது. கழுத்தும் நீளம், கடிக்கவும் செய்யும். வீதியில் கண்டால் பின்பக்கமாகப் பிடித்துப் பக்கத்து நீரிலேயே விடுங்கள்.