இரவில் மகன் வெளியே போகிறான் போல இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி:

அக்கா, நாங்கள் கனடாவில் ஸ்காபுறோவுக்கு வந்து ஏழு மாதம். பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகனுக்கு 15 வயது, கிரேட் 10. போன கிழமை இரண்டு தரம் விடிய எழும்பிப் பார்த்தால் அவனுடைய சப்பாத்து ஈரமாகக் கிடந்தது. கேட்டதற்குக் குப்பை போடப் போனேன் என்றான். காலமை எவ்வளவு எழுப்பினாலும் எழும்புகிறானில்லை. இவர் யன்னலுக்கு ஆணி அடிக்கப் போகிறேன், நாலு போட்டால் சரிவரும் என்கிறார். ஊரில் என்றால் மாமி, சித்தி என்று யாரையாவது கேட்கலாம். இங்கே யாரைக் கேட்பது?

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த ஆணியை வாங்கி ஒளித்து வையுங்கோ. நெருப்புப் பிடித்துப் படிப்பக்கம் புகையாகிவிட்டால் பிள்ளைக்கு அந்த யன்னல்தான் வழி. கதவைப் பற்றிக் கவலை என்றால், திறந்தால் சத்தம் போடுகிற சின்ன அலாரம் கடைகளில் விற்கிறது. அதையும் அவனுக்குத் தெரியப் பூட்டுங்கோ. களவாகப் பூட்டினால் அதையும் பிடித்துவிடுவான்.

நாலு போடுகிற கதை இங்கே வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளைக்கு அடித்துவிட்டு ‘திருத்தத்தான் அடித்தேன்’ என்று சட்டத்தில் ஒதுங்க முடியாது. கனடா உச்ச நீதிமன்றம் 2004 இலேயே அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வீட்டில் அடி விழுகிறது என்று ஆசிரியருக்கோ டொக்டருக்கோ சந்தேகம் வந்தால் அவர்கள் சில்ரன்ஸ் எயிட் என்கிற பிள்ளைகள் பாதுகாப்பு அமைப்புக்கு அறிவிக்க வேண்டிய கடமை உள்ளவர்கள். ஆனால் சட்டத்தை விட எனக்குப் பெரிய காரணம் வேறு. அடி வாங்கின பிள்ளை, சாமம் இரண்டு மணிக்கு எங்கேயாவது மாட்டுப்பட்டால் உங்களுக்குப் போன் எடுக்க மாட்டான்.

இது எங்கள் வீட்டில் நடந்தது. வந்து முதல் விண்டர். நான் ஒரு தொழிற்சாலையில் பின்னேர வேலை, வீட்டுக்கு வர இரவு பன்னிரண்டாகும். இவர் விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுவார். ஒரு நாள் இரவு முழுக்க ஸ்னோ கொட்டியிருந்தது. கதவைத் திறந்தவர் ஒன்றும் பேசாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பக்கக் கதவடியிலிருந்து தெருவரைக்கும் காலடி. போன காலடி மட்டும்தான், திரும்பி வந்த காலடி இல்லை. நான் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். அன்றைக்குக் குளிர் மைனஸ் 18.

ஐந்து மணிக்கு மகன் வந்தான். வந்த உடனே இவர் அடித்தார், நான் கத்தினேன். மேல்வீட்டுக்காரர் எழும்பி வந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அதற்குப் பிறகு பிள்ளை எங்களோடு கதைப்பதை நிற்பாட்டிவிட்டான். போவதை மட்டும் நிற்பாட்டவில்லை, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கப் பழகிவிட்டான். என்ன காரணம் என்று எனக்குத் தெரியவர மூன்று மாதம் எடுத்தது.

இவ்வளவும் எதற்காக என்று நினைக்கிறீர்கள்? 24 மணி நேரமும் திறந்திருக்கிற ஒரு கோப்பிக் கடையில் தன்னைப்போல புதிதாக வந்த இரண்டு பெடியன்களோடு இருந்து கதைப்பதற்கு. பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் பிடிபடவில்லை, மத்தியானம் தனியாகச் சாப்பிட்டிருக்கிறான். பின்னேரம் தங்கச்சியைக் கூட்டி வந்து, சாப்பாடு சூடாக்கிக் கொடுத்து, படிக்க வைப்பதும் அவன்தான், ஏனென்றால் நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இல்லை. அவனுக்கென்று மிஞ்சின நேரம் சாமம் மட்டும். அன்றைக்கு அவனை உள்ளே கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி கொடுத்திருந்தால் இதை அன்றைக்கே சொல்லியிருப்பான் என்று இப்போதும் நினைத்து அழுகிறனான்.

ஆகவே முதலில் நிச்சயப்படுத்துங்கோ. காலமை எழும்பாததை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. அந்த வயதில் பிள்ளைகளுக்கு இயல்பாகவே பிந்தித்தான் நித்திரை வரும். சப்பாத்து ஈரம் ஒரு அடையாளம், அவ்வளவுதான். பிறகு கேளுங்கோ. சாமத்தில் வாசலில் மறித்து நின்று கேட்கக்கூடாது, தகப்பனும் தாயும் சேர்ந்து விசாரணை வைக்கவும் கூடாது. கடைக்கு நடந்து போகும்போதோ பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும்போதோ கேளுங்கோ. முகம் பார்க்காமல் கதைத்தால் இந்த வயதுப் பிள்ளைகள் கூடக் கதைப்பார்கள். “நீ இரவில் வெளியே போகிறாய் என்று நினைக்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை அப்பன், பயத்தில் கேட்கிறேன்” என்று சொல்லுங்கோ. சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கோ. அந்த அமைதியைத் தாங்குவதுதான் எங்களுக்குக் கஷ்டம்.

எங்கே போனாய் என்பதற்கு முதல் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: உன்னை யாராவது வரச்சொல்லி வெருட்டுகிறார்களா? பிள்ளையிடம் நீங்கள் வாங்கிக் கொடுக்காத போன், கணக்கில்லாத காசு, காரில் வந்து ஏற்றுகிற வயதில் மூத்த ஆள், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இது சாதாரண ஊர்சுற்றல் இல்லை. பெண் பிள்ளை என்றால் எங்கள் சனம் மானம் மரியாதை என்று வாயை மூடிக்கொள்ளும். பிள்ளையைப் பயன்படுத்துகிறவனுக்கு வேண்டியதும் அதுதான். கனடா முழுவதற்கும் ஆட்கடத்தல் உதவி எண் 1-833-900-1010 இருக்கிறது, இரவு பகல் எடுக்கலாம். பெயர் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தையும் பிள்ளையோடு இருந்து கதையுங்கோ, வெருட்டலாக இல்லாமல். ஒன்ராறியோவில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை நள்ளிரவு 12 இலிருந்து காலை 6 மணி வரை பெரிய ஆள் துணையில்லாமல் பொது இடத்தில் சுற்றித்திரிய விடக்கூடாது. அந்தப் பொறுப்புச் சட்டப்படி உங்கள் தலையில்தான். யாராவது சிநேகிதன் ஓட்டுகிற காரில் போகிறானோ என்றும் கேளுங்கோ. 19 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர், ஜி2 என்கிற இரண்டாம் கட்ட லைசென்ஸ் எடுத்த முதல் ஆறு மாதத்தில், நள்ளிரவிலிருந்து காலை 5 வரை 19 வயதுக்கு மேற்படாத ஒருவரைத்தான் ஏற்றலாம், குடும்பத்து ஆட்கள் வேறு. நாலு பெடியன்கள் நெருக்கி ஏறின கார் என்றால் அதிலேயே பிழை இருக்கிறது. கஞ்சா 2018 இலிருந்து சட்டப்படி விற்கிறார்கள் என்றாலும் இங்கே 19 வயது ஆக வேண்டும், குடிக்கும் அப்படித்தான்.

பிறகு ஒரு வாக்குக் கொடுங்கோ. எந்த நேரமென்றாலும், என்ன செய்திருந்தாலும், போன் எடுத்தால் வந்து ஏற்றுவோம், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம், கதை அடுத்த நாள்தான். கார் இல்லை என்றால் டாக்சிக்கு என்று ஒரு நாற்பது டொலரைப் புறம்பாக வையுங்கோ, சாமம் இரண்டு மணிக்குப் பிறகு சப்வே ஓடாது. கூட இருக்கிறவன் போதையில் விழுந்துவிட்டால் விட்டுவிட்டு ஓடாமல் 911 எடுக்கச் சொல்லுங்கோ. அப்படி எடுக்கிறவர் மேல், தன்னிடம் போதைப்பொருள் வைத்திருந்ததற்கு வழக்குப் போடாத சட்டம் 2017 இலிருந்து இருக்கிறது. பெடியன்கள் பொலிஸுக்குப் பயந்துதான் ஓடுகிறார்கள்.

ஒரு நாள் கட்டில் வெறுமையாக இருந்து, போனுக்கும் பதில் இல்லை, சிநேகிதருக்கும் தெரியவில்லை என்றால், நீங்களும் 911 எடுங்கோ. 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சனம் சொல்வது பிழை. “தமிழ்” என்று ஒரு சொல்லுச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவார்கள்.

பகலில் கேட்க ஆள் வேண்டும் என்றால், எங்கே என்ன உதவி கிடைக்கும் என்று சொல்லுகிற 211 எண்ணுக்கு எடுங்கோ. பள்ளிக்கூடத்திலும் புதிதாக வந்த குடும்பங்களுக்கென்று குடியேற்ற உதவியாளர் இருக்கிறாரா என்று ஒஃபிஸில் விசாரியுங்கோ. மகனுக்கு உங்களிடம் சொல்லக் கஷ்டம் என்றால் கிட்ஸ் ஹெல்ப் ஃபோன், 1-800-668-6868. எண்ணைக் கொடுத்துவிட்டு எடுத்தாயா என்று கேட்காதேங்கோ.

கேள்வி கேட்டவர், பத்து நாள் கழித்து:

அக்கா, பஸ்ஸில் வைத்துக் கேட்டேன். நாலு ஸ்டொப் தாண்டும் வரைக்கும் பேசவில்லை. பிறகு சொன்னான். இரண்டு தெரு தள்ளி அப்பார்ட்மென்டில் ஒரு வகுப்புப் பிள்ளை, தாய்க்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை, அவன் தனியாக இருக்கப் பயப்படுகிறானாம். அங்கே போய் கேம் விளையாடுவதாம். இவரும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். ஆனால் போகக்கூடாது என்று சொல்லத்தானே வேண்டும்?

பதில்:

ஓம், சாமத்தில் போகக்கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கோ. சொல்லுகிற அன்றைக்கே அந்தத் தாயின் நம்பரை வாங்கி, அவவின் மகன் உங்கள் வீட்டுக்கு வரட்டும் என்று கேளுங்கோ. அவவுக்கு இரவு வேலை இருக்கிற நாட்களில் அந்தப் பிள்ளை உங்களிடம் சாப்பிட்டுப் படுக்கலாம். ஒரு பாயும் போர்வையும் கூடப் போட்டால் போதும். உங்கள் மகனிடமும் ஒன்று கேளுங்கோ: பின்னேரம் எந்த இரண்டு மணித்தியாலம் தனக்கு வேண்டும் என்று. அந்த நேரத்தில் அவனிடம் வீட்டு வேலை ஒன்றும் சொல்லாதேங்கோ.