மஞ்சள் கடுதாசி கொடுத்த டெட்ராய்ட்: 2008-09இல் அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்

வாரன்வாசி:

திவாலாகவிருந்த கார் கம்பெனிகளான ஜெனரல் மோட்டார்ஸையும் (ஜிஎம்) கிரைஸ்லரையும் அமெரிக்க அரசு தூக்கி நிறுத்திய கதையை யார் சொன்னாலும் வாஷிங்டனில் நடந்ததைத்தான் சொல்கிறார்கள். அப்போது மிச்சிகனில் இருந்த நம் ஆட்கள் கண்ணால் பார்த்ததை எழுதலாமே. நானே தொடங்குகிறேன்.

நான் வேலை பார்த்தது வாரன் நகரத்தில் ஒரு சின்ன ப்ரெஸ் கடை. கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புத் தகடுகளை அடித்துக் கொடுப்போம். கார் கம்பெனிக்கு நேராக விற்பதில்லை. சீட் செய்கிற பெரிய கம்பெனிக்குக் கொடுப்போம், அவர்கள் சீட்டை மேலே அனுப்புவார்கள். மொத்தமே 40 பேர்.

2008 நவம்பரில் ஜிஎம், கிரைஸ்லர், ஃபோர்டு என்று மூன்று கார் கம்பெனித் தலைவர்களும் 2,500 கோடி டாலர் கேட்டு பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன்னால் உட்கார்ந்ததைச் சாப்பாட்டு அறை டிவியில் பார்த்தோம். பயணிகள் விமானத்தில் வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் ஓர் உறுப்பினர். ஒரு கைகூட எழவில்லை. மூவரும் தனித்தனி ஜெட்டில் வந்திருந்தார்கள். எங்கள் ஃபோர்மேன் பாதி சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். டிசம்பரில் அதே மூவரும் 500 மைலுக்கு மேல் ஹைபிரிட் காரில் போய் இறங்கினார்கள். அப்படியும் செனட்டில் அந்தக் கடன் மசோதா தேறவில்லை. டிசம்பர் 19 அன்று அதிபர் புஷ், வங்கிகளுக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்தே 1,740 கோடி டாலர் கடன் அறிவித்தார்.

சரி, பிழைத்தோம் என்று நினைத்தோம். அடுத்த மார்ச்சில் உதிரிபாகக் கம்பெனிகளுக்காகவே 500 கோடி டாலர் வரை ஒரு திட்டம் வந்தது. எங்கள் முதலாளி அந்தச் செய்தியை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். அப்புறம்தான் உள்ளே இருந்த கொக்கி தெரிந்தது. யாருக்குப் பணம் என்பதைக் கார் கம்பெனிதான் தேர்ந்தெடுக்கும், அதுவும் தனக்கு நேராகச் சரக்குக் கொடுப்பவர்களில். நாங்கள் ஒரு படி கீழே. எங்களுக்கு வரவேண்டிய பாக்கியைக் கேட்டால், சீட் கம்பெனி தனக்கே பாக்கி வரவில்லை என்றது.

மே முதல் ஜிஎம் தன் அசெம்பிளி ஆலைகளில் பெரும்பாலானவற்றை வாரக்கணக்கில் மூடிவைத்தது. கார் இல்லையென்றால் சீட் எதற்கு, சீட் இல்லையென்றால் எங்கள் தகடு எதற்கு. எங்கள் 400 டன் ப்ரெஸ் ஓடும்போது அடிக்கு ஒரு முறை என் மேசைமேல் காப்பி வட்ட வட்டமாக அலையடிக்கும். நான்கு வருஷமாக அதைக் கவனித்ததே இல்லை. ஒரு நாள் காலையில் காப்பி அசையாமல் கிடந்தபோதுதான் கவனித்தேன்.

ஜூன் 1, திங்கட்கிழமை, ஜிஎம் திவால் மனு போட்டது. மறு வாரம் எங்களில் 22 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் அதில் ஒருவன்.

நோவி மீனாட்சி:

அண்ணா, நான் அப்போது எச்1பி, அதாவது வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை விசாவில் இருந்தேன். ஒரு நல்ல இடத்திலிருந்து வேலைக் கடிதம் கைக்கு வந்திருந்தது. 2009 பிப்ரவரியில் ஊக்கநிதிச் சட்டத்தோடு ஒரு விதியைச் சேர்த்துவிட்டார்கள்: அரசின் மீட்பு நிதியை வாங்கிய நிறுவனம் புதிதாக எச்1பி ஆளை எடுப்பதென்றால், அமெரிக்கர்களை முறையாகத் தேடிப் பார்த்தோம், அமெரிக்கர் யாரையும் நீக்கிவிட்டு இவரை எடுக்கவில்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். கொஞ்சம் பொறுங்கள் என்று அந்த மனிதவள அம்மா மூன்று மாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் போனையே எடுக்கவில்லை. விதியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அவர்கள் ஊர்க்காரர்கள் தெருவில் நிற்கும்போது வரிப்பணத்தை எனக்கு எதற்குக் கொடுப்பார்கள்? ஆனால் வாடகை கட்டவேண்டிய தேதிக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாதே.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முன்னாலேயே மூன்று குடும்பங்கள் கொலுப்படியை எங்கள் கராஜில் போட்டுவிட்டு ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். ஒரு படி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, செருப்பு ஸ்டாண்டாக.

பழைய எக்ஸ்ப்ளோரர்:

என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009 கோடையில் பெட்ரோல் குடிக்கிற பழைய வண்டியைக் கொடுத்துப் புதுசு வாங்கினால் அரசே 3,500 அல்லது 4,500 டாலர் தரும் என்று ஒரு திட்டம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? முதலில் ஒதுக்கிய 100 கோடி ஒரே வாரத்தில் பறந்துபோய், மேலும் 200 கோடி போட்டார்கள். என்னிடம் 1997 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். முழு 4,500 கிடைத்தது.

அந்த வண்டிகள் திரும்ப ரோட்டுக்கு வரக்கூடாது என்பதால் எஞ்சினைக் கொன்றாக வேண்டும். பார்க்கலாமா என்று கேட்டேன், பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். மெக்கானிக் ஆயிலை வடித்துவிட்டு, ஆயில் ஊற்றுகிற அதே வாயில் திரவக் கண்ணாடியை, அதாவது சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றினார். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு இருமல் மாதிரி ஒரு சத்தம், உள்ளே மணலைப் போட்டு அரைப்பதுபோல ஒரு கரகரப்பு, ஒரு குலுக்கல், நின்றுவிட்டது. நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. என் பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி அது. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை மட்டும் அந்த மெக்கானிக்கே ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துக் கொடுத்தார்.

பிள்ளையார் இப்போது என் கொரோலாவில் இருக்கிறார். ஆமாம், கொரோலா. டெட்ராய்ட்டுக்குக் கை கொடுக்கிற காசில் டொயோட்டா வாங்கினேன். அந்தத் திட்டத்தில் அதிகம் கொடுக்கப்பட்ட வண்டி எக்ஸ்ப்ளோரர், அதிகம் வாங்கப்பட்டது கொரோலா என்று பின்னால் பட்டியல் வந்தது. நானும் கூட்டத்தோடு கோவிந்தா.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் அழுகிறீர்கள், கணக்கை யாராவது சொல்ல வேண்டாமா? ஜிஎம்மில் அரசு போட்டது 4,950 கோடி டாலர். 40 நாளில் திவாலிலிருந்து வெளியே வந்த புது ஜிஎம்மில் அரசின் பங்கு சுமார் 61 சதவீதம். 2013 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்றபோது ஆயிரம் கோடிக்கு மேல் நஷ்டம். 1980இல் அதிபர் கார்ட்டர் கிரைஸ்லருக்குக் கொடுத்தது 150 கோடிக்குக் கடன் உத்தரவாதம்தான். அதை அவர்கள் 1983இலேயே அடைத்தார்கள், அரசுக்கு லாபமும் வந்தது. ஃபோர்டு 2006இலேயே நீல வட்டச் சின்னம் உட்பட எல்லாவற்றையும் அடகு வைத்து 2,300 கோடிக்கு மேல் கடன் வாங்கி வைத்திருந்ததால் இந்த மீட்பு நிதியைத் தொடவில்லை. அடகு வைக்கத் தெரிந்தவன் பிழைத்தான்.

நஷ்டம் என்றாலும் நான் அரசின் பக்கம்தான். அந்தக் குளிர்காலத்தில் தனியாரில் எந்த வங்கி கடன் கொடுத்திருக்கும்? என் கோபம் வேறு: புதிதாகச் சேர்பவனுக்குப் பாதிச் சம்பளம். எங்கள் தெருவில் அப்பாவும் மகனும் ஒரே ஆலை, ஒரே லைன், ஒரே வேலை. அப்பாவுக்கு மணிக்கு 28 டாலர், புதிதாகச் சேர்ந்த மகனுக்கு 14க்குச் சற்று மேலே. ஒரே காரில்தான் போவார்கள். பெட்ரோல் காசு அப்பாவே போடுவார்.

பழைய எக்ஸ்ப்ளோரர்:

வாரன் சார், உங்கள் ப்ரெஸ் கடை என்ன ஆச்சு என்று சொல்லவே இல்லையே?

வாரன்வாசி:

அந்த செப்டம்பரில் முதலாளி மூடிவிட்டார். ஏலத்தன்று போயிருந்தேன். 400 டன் ப்ரெஸ்ஸை யாரோ வாங்கி, நாலு துண்டாகக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். சின்னச் சாமான்களை முதலாளியே ஒரு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார். நான் தினமும் கையில் வைத்திருந்த மைக்ரோமீட்டர் அதில் கிடந்தது. இருபது டாலரை நீட்டினேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரசீது வேண்டுமா என்று கேட்டார்.